பழைய வீடு: உடைப்பதா, வாடகைக்கு விடுவதா?

கடந்த மாதம் ஒரு வேலையாகக் கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குப் போகும் வீதியில் புளத்கொகுபிட்டியவில் இறங்கினேன். அங்கே பல வருடப் பழக்கமுள்ள கடைக்கார நானா ஒருவர் பிளேன்டீ தந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, வாப்பாட வாப்பா கட்டின வீடு பூட்டிக் கிடக்குது. உடைச்சிட்டு மாடி வீடு கட்டட்டா, இல்லாட்டி திருத்தி வாடகைக்கு விடட்டா?"

நேரில் போய்ப் பார்த்தேன். கபுக் கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பலா மரக் கதவுகள், மேலே பழைய பீலி ஓடு, முன்னால் நீண்ட விறாந்தை, பின்னால் இறப்பர் மரங்கள். கூரை இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. மற்றபடி வீடு திடமாக இருக்கிறது.

எனக்கு என் சொந்த நட்டம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வாப்பாவின் பழைய வீட்டை உடைத்தபோது கதவு, நிலைகளை விறகு விலைக்குக் கொடுத்தேன். வாங்கியவர் அவற்றை மெருகேற்றிப் பல மடங்கு விலைக்கு விற்றதைப் பின்னர்தான் அறிந்தேன். நமக்குக் கழிவாகத் தெரிந்தது அவருக்குச் சரக்காகத் தெரிந்திருக்கிறது.

காலி தந்த பாடம்

1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக அறிவித்த காலிக் கோட்டையைப் பாருங்கள். அங்கிருந்த நம்மவர்கள் பலர் பழைய வீடுகளை விற்றுவிட்டு வெளியேறினார்கள். வாங்கியவர்கள் அவற்றை உடைக்கவில்லை. திருத்தி, இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார்கள். முன்பு முஸ்லிம் இரத்தினக்கல் வியாபாரக் குடும்பமொன்றின் மாளிகையாக இருந்த கட்டடம் திருத்தப்பட்டு 'காலி ஃபோர்ட் ஹோட்டல்' ஆனது. 2007இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசுபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது.

மலைநாட்டில் டில்மா குடும்பத்தினர் 2005இல் பொகவந்தலாவ பக்கத்துத் துரைமார் பங்களாக்களைத் திருத்தி 'சிலோன் டீ டிரெயில்ஸ்' என்று தொடங்கினார்கள். அவற்றுள் ஒன்றான டியென்ட்சின் 1888இல் கட்டப்பட்டது. பிரித்தானியாவில் 1965இல் ஆரம்பிக்கப்பட்ட லேண்ட்மார்க் டிரஸ்ட் பாழடைந்த கட்டடங்களைத் திருத்தி விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகையைக் கொண்டே கட்டடங்களைப் பராமரிக்கிறது.

கணக்குப் பார்ப்போம்

இவையெல்லாம் பெரிய முதலைகள். நானாவின் வீட்டுக்கு உதாரணக் கணக்கு ஒன்று போட்டோம். திருத்த 60 இலட்சம் ரூபா என்று வைப்போம். முழு வீட்டுக்கும் இரவுக்கு 20,000 ரூபா. வருடத்தில் 100 இரவு போனால் வரவு 20 இலட்சம். காவலாளி, மின்சாரம், சலவை, தரகு, தேய்மானம் என்று பாதி போனால் மிச்சம் 10 இலட்சம். ஆறு வருடத்தில் முதல் திரும்பும்.

ஆனால் 60 இரவுதான் போகிறது என்றால்? வரவு 12 இலட்சம். காவலாளியின் சம்பளம் குறையாது, கூரையும் ஒழுகாமல் இருக்கப் போவதில்லை. செலவு 8 இலட்சம் என்றால் மிச்சம் 4 இலட்சம். முதல் திரும்பப் பதினைந்து வருடம்! இந்த வியாபாரத்தின் உயிர் வாடகைத் தொகையில் இல்லை, நிரம்பும் இரவுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பவும் கூடாது. 2018இல் 23 இலட்சம் பேர் நாட்டுக்கு வந்தார்கள். 2021இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. கடன் எடுத்தவர்கள் அந்த வருடங்களில் பட்ட பாட்டை நாம் கண்டோம். எனவே கைமுதலை வைத்து அறை அறையாகத் திருத்துவதே புத்தி. பின்னவலவுக்கும் கித்துல்கலவுக்கும் இடையில் ஊர் அமைந்திருப்பது நல்லதுதான். என்றாலும் முதல் வாடிக்கையாளர் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வரும் நம்மவர்களாகவே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது மலை. 2016 மே மாதம் இதே புளத்கொகுபிட்டியவில் களுபஹன தோட்டத்தில் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. அதே நாட்களில்தான் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. ஆகவே ஒரு சதம் செலவழிக்க முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் காணியைக் காட்டுங்கள். விருந்தாளியின் உயிருக்கு நாம்தான் பொறுப்பு.

இரண்டாவது பத்திரம். தாத்தா காலத்து வீட்டில் பங்காளிகள் பலர் இருப்பார்கள். எல்லோருடைய எழுத்து மூலமான சம்மதமும் பங்கு விபரமும் இல்லாமல் கை வைத்தால், இலாபம் வரும் நாளில்தான் சண்டை வரும்.

மூன்றாவது அனுமதி. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் மரபுரிமை வீடு, மரபுரிமை பங்களா என்று தனி வகைகளே இருக்கின்றன. பிரதேச சபையிலும் விசாரியுங்கள். வீடு மிகப் பழையதென்றால் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்காமல் எதையும் உடைக்க வேண்டாம்.

நான்காவது வேலை. சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் கெடும். சுண்ணாம்பு தெரிந்த மேசன் பாஸைத் தேடிப் பிடியுங்கள். குளியலறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விருந்தாளி பழைய விறாந்தையை விரும்பி வருவார், பழைய கக்கூஸை அல்ல.

நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். "அப்ப மழைக்கு முந்தி ஓட்டைத் திருத்துறன். பிறகு தம்பி, தங்கச்சிமாரைக் கூப்பிட்டுப் பேசுறன்" என்றார்.

சரியான வரிசை அதுதான். உடைப்பதற்கு ஒரு நாள் போதும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், உடைக்கும் ஆளைக் கூப்பிட முன்னர் ஒரு தாளும் பேனையும் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்குச் சரிவராவிட்டாலும் பரவாயில்லை, கதவையாவது விறகு விலைக்குக் கொடுக்கமாட்டீர்கள்.