அரை ஸ்பூன் கரிக்குள் நாலரை கிரவுண்டு, தெரியுமா?

ஓட்காவின் நெடியை அடக்கியவர் ஒரு மருந்தாளர், தெரியுமா? 1785, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். டோபியாஸ் லோவிட்ஸ் டார்டாரிக் அமிலத்தைப் படிகமாக்கப் பாடுபடுகிறார். கரைசலோ பழுப்பேறிக்கொண்டே போகிறது. கரித்தூள் பட்டதும் பழுப்பு மாயம்! கறுப்பைக் கொண்டு வெளுப்பு வரவழைத்த மனிதர் அதோடு விடுவாரா? தானியச் சாராயத்திலும் கரியைப் போட்டுப் பார்த்தார். மூக்கைத் துளைக்கும் நெடி அடங்கிவிட்டது.

கரி எப்படி இதைச் செய்கிறது? நீராவியில் ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் பக்குவப்படுத்திய கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் திறக்கின்றன. ஒரு கிராம், அதாவது அரை ஸ்பூன் கரியின் உட்பரப்பை விரித்துப் போட முடிந்தால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் நாலரை கிரவுண்டு! நெடிக்குக் காரணமான பெரிய மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் பரப்புக்கவர்ச்சி என்று படித்தோமே, அதுதான். இந்த நுண்துளைகளுக்குப் பேர்போனது தேங்காய்ச் சிரட்டைக் கரி. காங்கேயம் பக்கம் தொட்டிக்கரி என்பார்கள்.

அமெரிக்காவின் டென்னஸியில் ஜாக் டேனியல் விஸ்கி சுமார் 3 மீட்டர் ஆழ மேப்பிள் கரிப்படுகை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஜாக் டேனியலுக்கே சாராயம் வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன், அடிமையாக வாழ்ந்த கறுப்பினத்தவர்! அந்த நிறுவனம் அதை வெளிப்படையாகக் கொண்டாடத் தொடங்கியது 2016-இல்தான். எவ்வளவு தாமதம்!

இனிதான் பெரிய ஆச்சரியம். முதல் உலகப்போரில் விஷவாயு வந்தபோது, 1915-இல் ரஷ்ய வேதியியலாளர் நிகொலாய் செலின்ஸ்கி எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? சாராய ஆலைகளில் நெடி போக்கிக்கொண்டிருந்த அதே மரக்கரி! அதை டப்பாவில் அடைத்து முகமூடியில் பொருத்தினார், வீரர்கள் பிழைத்தார்கள். லோவிட்ஸுக்குச் சரியாக 200 ஆண்டு கழித்து, 1985-இல் சோவியத் தலைவர் கோர்பச்சோவ் மதுவுக்குக் கடிவாளம் போட்டார். வீட்டுக்கு வீடு ‘சமகோன்’ எனும் வீட்டுச் சாராயம் காய்ச்சக் கிளம்பியதில் கடைகளில் சர்க்கரையே கிடைக்கவில்லை! வீட்டுச் சரக்கை வடிகட்ட அங்கே சிலர் கையில் எடுத்தது பழைய முகமூடியின் கரி டப்பாவை. சாராயத்திலிருந்து போர்க்களம் போன கரி, திரும்பச் சாராயத்துக்கே வந்துவிட்டது!

ஆனால் ராணுவ முகமூடிக் கரி வெறும் கரியல்ல. விஷவாயுவை முறிக்க அதில் தாமிர, குரோமிய உப்புகளை ஏற்றியிருப்பார்கள். அதன் வழியே ஊற்றிய சாராயத்தில் அவையும் கரைந்து இறங்கலாம். கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயில் கரி நிரப்பினாலும் இதே ஆபத்துதான். தண்ணீருக்குச் செய்த குழாய் சாராயத்தைத் தாங்கும் என்பதற்கு என்ன உறுதி?

இதைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு. கரி நெடியைப் பிடிக்கும், மெத்தனாலைக் கோட்டைவிடும்! மெத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு, தண்ணீரோடு ஒட்டி உறவாடுவது. கரிச்சுவரில் அது தங்காது. எத்தனை முறை வடிகட்டினாலும் மணம்தான் மாறும், விஷம் அப்படியே இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இந்த மெத்தனால்தான். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்புக்கடியில் சுரீரென்கிறதே, அதே அமிலம்! கண் நரம்பைத்தான் அது முதலில் தேடிப் போகிறது.

எத்தனையோ விஷங்களுக்கு மருத்துவர்கள் கரியைக் குடிக்கக் கொடுப்பதுண்டு. மெத்தனாலுக்கு அது உதவாது. அங்கே முறிமருந்து எது தெரியுமா? ஃபோமெபிசோல் என்ற மருந்து, அது கிடைக்காத இடத்தில் அளந்து செலுத்தும் தூய எத்தனால். ஆமாம், சாராயத்தின் அதே எத்தனால்! கல்லீரலின் நொதியை எத்தனால் முந்திக்கொண்டு பிடித்துவிட, மெத்தனால் அமிலமாக மாறாமல் காத்துக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் அதை வெளியே இழுத்துவிடுகிறது.