தண்ணீர்க் குடத்தின் மேல் பழி வேண்டாம்!

எனக்குத் திருமணமாகி எட்டு வருடமாகிறது. முதல் மூன்று வருடத்தில் மூன்று முறை உண்டாகி, மூன்றும் பத்து வாரத்துக்குள் கலைந்து விட்டது. 'குடம் தூக்கினா, மாடிப்படி ஏறினா, அதான் தங்கலை' என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என் மாமியார் திட்டியதில்லை. ஆனால், நாத்தனாரின் வளைகாப்பு அன்று, 'நீ உள்ளேயே இரும்மா' என்று சொல்லி விட்டார். சமையல்கட்டில் நின்று அழுததை இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் உண்டாகவே இல்லை. மதுரையில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். 'குழந்தை உண்டாக மாத்திரை அப்புறம் தர்றேன். உண்டானது ஏன் நிலைக்கலைன்னு முதல்ல பார்ப்போம்' என்றார். எனக்கும் கணவருக்கும் ரத்தப் பரிசோதனை, எனக்குக் கர்ப்பப்பை ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். என் ரத்தத்தில், 'ஆன்டிபாஸ்போலிப்பிட்' என்ற எதிர்ப்புப் பொருள் இருப்பது தெரிந்தது. 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் இருந்தது. நஞ்சு சரியாக வளர விடாமல், ரத்தத்தை உறையச் செய்து, கருவை இது கெடுத்து விடுமாம்.

'குடம் தூக்கினதால போகலைம்மா' என்று டாக்டர் சொன்னபோது, மாமியாரும் கூட இருந்தார். வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின், முட்டை வளர மாத்திரை, கணவரின் விந்தணுவைக் கர்ப்பப்பையில் செலுத்தும் சிகிச்சை என்று தொடங்கி, மூன்றாவது மாதம் உண்டானேன். ஆனால், சந்தோஷப்பட முடியவில்லை. பாத்ரூம் போகும்போதெல்லாம் ரத்தம் பட்டிருக்குமோ என்று பயம். பத்து வாரம் தாண்டும் வரை அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை.

தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை. வயிற்றுத் தோலுக்கடியில் ஹெப்பாரின் ஊசி. நர்சிடம் கற்றுக்கொண்டு நானே போட்டுக் கொண்டேன். ஊசிச் செலவுக்கு என் செயின் அடகுக்குப் போனது. வயிறெல்லாம் நீலம் பாரித்து விட்டது. 'இத்தனை ஊசி பிள்ளைக்கு ஆகுமா?' என்று கேட்டார்கள். ஹெப்பாரின் நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தைரியமாக இருந்தேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, பஞ்சும் ஊசியுமாக வந்து, 'நேரமாச்சும்மா' என்று கூப்பிட்டது யார் தெரியுமா? என் மாமியார்தான்!

ஏழாம் மாதம் வளைகாப்பு வேண்டாம் என்று பயந்து மறுத்தேன். 'உனக்கு மனசு எப்ப வருதோ, அப்ப வச்சுக்கலாம்' என்றார். ஒன்பதாம் மாதம் வைத்தோம். நான் கேட்டுக் கொண்டபடி, குழந்தை இல்லாத எங்கள் தெரு அக்காதான் முதல் வளையலைப் போட்டார். மாமியாரே போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இப்போது என் மகளுக்கு ஒரு வயது.

சகோதரிகளே... எல்லாருக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. என்னைப் பார்த்து நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். ஒன்றுக்கு மேல் கலைந்தால், டாக்டரிடம் சொல்லிக் காரணத்தைத் தேடுங்கள். காரணம் தெரியாமல் போனாலும், அடுத்தது நல்லபடியாகப் பிறப்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் மூத்தவர்களே... குழந்தையைப் பறிகொடுத்தவளை, உள்ளே இரு என்று மட்டும் சொல்லாதீர்கள்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.