மணமுறிவுற்ற பெற்றோரிடையே பண்டிகை விடுமுறைப் பகிர்வு

முன்னுரை

மணமுறிவு கணவன் மனைவி உறவை முடிக்கிறது. பெற்றோர் என்னும் உறவை முடிப்பதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் (1955) 26ஆம் பிரிவு, குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியன குறித்து ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. ஆயினும் எந்தப் பண்டிகைக்குக் குழந்தை எவரிடம் இருத்தல் வேண்டும் என்பதைச் சட்டம் கூறவில்லை. பெற்றோரின் உடன்பாடோ நீதிமன்ற ஆணையோ அதனை வகுத்தல் வேண்டும். சந்திப்பு உரிமையின் தன்மை, முறை, விவரங்கள் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என யஷிதா சாகு வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

நேர வரையறை

'தீபாவளியன்று தந்தையிடம்' என்னும் தொடர் மட்டும் போதுமானதன்று. தமிழகத்தில் அப்பண்டிகை விடியற்காலை எண்ணெய்க் குளியலுடன் தொடங்குகிறது. காலை 10 மணிக்குக் குழந்தையை ஒப்படைத்தால் குளியலும் புத்தாடையும் முடிந்திருக்கும். எனவே முந்தைய நாள் மாலையையே ஒப்படைப்பு நேரமாகக் கொள்வது பொருந்தும்.

ஆண்டுச் சுழற்சி

தீபாவளி ஒருவரிடம், பொங்கல் மற்றவரிடம், மறு ஆண்டில் இடமாற்றம் என்பது நேர்மையான பகிர்வாகத் தோன்றும். இதனை நாட்காட்டி ஆண்டால் கணக்கிட்டால் இடர் எழும். 2024இல் பொங்கல் தாயிடமும் தீபாவளி தந்தையிடமும் அமைந்தால், 2025 சனவரிப் பொங்கலும் தந்தைக்கே செல்லும். மூன்று மாதங்களுக்குள் இரு பண்டிகைகளையும் தாய் இழப்பார். சூன் முதல் மே வரையிலான கல்வியாண்டை அலகாகக் கொண்டால் இவ்விடர் நீங்கும்.

முடிவுரை

வரையறை இல்லாதவிடத்து, 'நீ யாரிடம் போகிறாய்?' என்னும் வினா குழந்தையை வந்தடைகிறது. எவ்விடை கூறினும் ஒருவர் வருந்துவர் என்பதைக் குழந்தை அறியும். அவ்வினா எழாதவாறு காப்பதே இவ்வரையறையின் பயனாகும்.