கட்டாய ராணுவ சேவை: சொல்லும் சந்திரகிரியும்

அரசிதழ்ப் பதிவு பெற்ற பணிகளில் சேர விரும்புவோர் 5 ஆண்டுகள் ராணுவத்தில் கட்டாயம் பணியாற்ற வேண்டும் எனப் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2018-ல் பரிந்துரைத்தது. இதைக் "கட்டாய ராணுவ சேவை" என்பது பொருந்தாது. அரசுப் பணியே வேண்டாம் என்பவரை அது தொடுவதில்லை. வேலைக்கான நிபந்தனை, அவ்வளவே.

கட்டாய ராணுவ சேவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான "கான்ஸ்கிரிப்ஷன்", "சேர்த்து எழுதுதல்" எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. குடிமகனின் பெயரை அரசு பட்டியலில் எழுதுகிறது. துப்பாக்கி பிறகுதான் கைக்கு வருகிறது. பிரான்ஸில் 1798-ல் வந்த ஜூர்தான் சட்டம் 20 முதல் 25 வயது வரையிலான ஆண்களை இவ்வாறு பட்டியலிட்டது. இன்று வழங்கும் பொருள் அங்கிருந்தே உறுதிப்பட்டது.

அப்படியானால் நம் மன்னர்கள் படை திரட்டியது எவ்வாறு? திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டை இதற்கு விடை தருகிறது. விஜயநகரப் பேரரசின் இறுதிக் காலத் தலைநகர் அது. அப்பேரரசில் நாயக்கர்கள் நிலம் பெற்றனர். பதிலாக, குறித்த எண்ணிக்கையில் காலாட்களையும் குதிரைகளையும் தர வேண்டும். 16-ம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்த்துகீசியரான நூனிஸ் இதை எழுதி வைத்துள்ளார். கடமை நிலத்தின் மீது விழுந்ததே தவிர, ஒவ்வொரு ஆளின் மீதும் அல்ல. அரசனிடம் இருந்தது எண்ணிக்கை. உழவன் மகனின் பெயர் அல்ல. அந்த எண்ணிக்கையை நிரப்ப நாயக்கர் யாரை எப்படி அழைத்தார் என்பது வேறு கதை. அங்கே கட்டாயம் இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

சித்தூர்ப் பாளையக்காரர்களும் ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்திருந்தனர். 1801-ல் ஆர்க்காடு நவாபின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபின் அவர்கள் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டனர். கம்பெனிக்குத் தேவைப்பட்டது பாளையக்காரரின் படையல்ல, பேஷ்குஷ் பணம். சிப்பாய்களைக் கம்பெனி சம்பளம் கொடுத்துத் தானே சேர்த்துக்கொண்டது.

பிரிட்டிஷ் ஆட்சியில் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது 1917-ல். ஆனால், அது இங்கு வாழ்ந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே கட்டாயம், இந்தியர்களுக்கு விருப்பம். இரண்டாம் உலகப் போரிலும் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் கட்டாயச் சட்டம் இன்றியே சேர்ந்தனர். வறுமை பலரைத் தள்ளியது உண்மை.

அரசமைப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. எனினும் பொதுநோக்கத்துக்காக, மதம், இனம், ஜாதி, வர்க்க வேறுபாடின்றி கட்டாய சேவையை விதிக்க அரசுக்கு அதே பிரிவு இடமளிக்கிறது. அந்த வழியில் ராணுவத்துக்குக் குடிமக்களைக் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டம் எதுவும் இதுவரை இயற்றப்படவில்லை. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்திலும் 4 ஆண்டுப் பணிக்கு இளைஞர்கள் விரும்பியே விண்ணப்பிக்கின்றனர்.