எம்.எல். பிள்ளையைத் தெரியுமா?

டெல்லி கிட்வாய் நகர்த் தமிழர்களே! உங்கள் குடியிருப்புக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கிட்வாய், சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர், சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்பது தெரியுமா? ஒத்துழையாமை இயக்கம் அழைத்தது, போய்விட்டார்! அதே காலத்தில் சட்டத்தையும் விடாமல், தமிழையும் விடாமல் இரண்டிலும் உச்சிக்குப் போன திருநெல்வேலிக்காரர் ஒருவர் உண்டு. அவரைத் தெரியுமா?

கா. சுப்பிரமணிய பிள்ளை! 1888இல் பிறந்தவர். எம்.ஏ. போதாதென்று எம்.எல். பட்டமும் வாங்கினார். அந்த நாளில் எம்.எல். முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் பட்டமே பெயராகி, 'எம்.எல். பிள்ளை' ஆகிவிட்டார். சென்னை சட்டக் கல்லூரியில் பேராசிரியர். 1920ஆம் ஆண்டின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது யாரை? இவரைத்தான்! பேசிய பொருள் குற்றவியல். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்று ஆராயும் துறை, அன்று இந்தியாவில் அதிகம் பேர் தொடாதது.

இந்தத் தாகூர் கவிஞர் அல்ல, அதே வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த பிரசன்ன குமார் தாகூர். சொற்பொழிவுக்கான பணத்தை உயிலில் எழுதிவைத்தார். அந்த உயிலே வழக்காகி லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது! மதம் மாறியதால் சொத்து மறுக்கப்பட்ட மகன்தான் எதிர்த்தரப்பு. 1872இல் வந்த அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய சட்ட அறிஞரான எம்.எல். பிள்ளை அடுத்து எங்கே போனார் தெரியுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு, தமிழ்ப் பேராசிரியராக! தமிழ் இலக்கியத்தின் வரலாற்றைத் தமிழிலேயே விரிவாக எழுதிய முன்னோடிகளில் அவர் ஒருவர். சைவ சித்தாந்தம் பற்றியும் ஏராளமாக எழுதினார். சட்டக்காரருக்கே உரிய சான்று தேடும் புத்தி தமிழாராய்ச்சிக்குக் கிடைத்த பெரும் பேறு என்பேன்.

அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த நாவலர் சோமசுந்தர பாரதியாரும் வக்கீல்தான்! எட்டயபுரத்துக்காரர், மகாகவியின் இளமைத் தோழர். தூத்துக்குடியிலும் மதுரையிலும் வழக்காடியவர், 'மாரி வாயில்' என்ற கவிதை நூலையும் தந்தார். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு 17 ஆண்டு முன்பே, 1862இல், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று அச்சிட்டார் என்பது தெரியுமா?

கடைசியாக ஒரு சட்டச் செய்தி. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் அவருடைய நூல்கள் பொதுச்சொத்து. எம்.எல். பிள்ளை 1945இல் காலமானார். ஆக, 2006 முதல் அவர் நூல்களை யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். பதிப்பாளர்களே, அந்தக் கல்கத்தா சொற்பொழிவுகளைத் தமிழில் கொண்டுவாருங்கள்!