நாலு லெட்சுமியில் எந்த லெட்சுமி?

உறை முழுக்க வாட்டர்கலர் ஓவியம், பின்பக்கம் அரக்கு, உள்ளே காய்ந்த பூவிதழ். பேனா நட்பு மறுபடி மோஸ்தராகிவிட்டது. 2005-இல் போர்த்துகலில் ஒருவர் தொடங்கிய போஸ்ட்கிராசிங் வழியாக, முன்பின் தெரியாதவர்கள் நாடு விட்டு நாடு அஞ்சலட்டை அனுப்பிக்கொள்கிறார்கள்.

இலங்கையின் மலையகத்துக்குக் கடித அலங்காரம் புதிதல்ல. 1964-இன் இலங்கை-இந்திய ஒப்பந்தம் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. ‘அழுகைக் கோச்சி’ என்று பேர்பெற்ற ரயிலில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தவர்களில் பலர், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்துதான் பறித்தார்கள். அங்கிருந்து வந்த கடிதத்தில் மூலைக்கு மூலை மஞ்சள் இருந்தால் கல்யாணம். கறுப்பு மை இருந்தால், பிரிக்குமுன்பே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒப்பாரி. இதைவிடப் பேசும் உறையை எந்த ஓவியரும் வரைந்துவிட முடியாது.

பிறகு பத்திரிகைகளின் பேனா நண்பர் பகுதி. பெயர், வயது, விலாசம், பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் முத்திரை சேகரித்தல், வானொலி கேட்டல் என்று எழுதிவிடலாம். விலாசத்துக்கு எங்கே போவது? தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்து டவுன், அதோடு சரி. காம்பராவுக்கு இலக்கமில்லை, லயத்துக்குப் போகும் பாதைக்குப் பெயரில்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, கைமாறிக் கைமாறி மேலே ஏற வேண்டும். ஒரே டிவிசனில் நாலு லெட்சுமி இருந்தால் எந்த லெட்சுமிக்கு? அதிலும் கலர் கலரான உறை என்றால் வழியிலேயே யாராவது முத்திரையைக் கிழித்துக்கொள்வார்கள்.

பேனா நண்பர் கடிதம் தொலைந்தால் மனத்தாங்கலோடு போகும். ஆனால் நேர்முகத் தேர்வுக் கடிதமும் பரீட்சை அனுமதி அட்டையும் நாள் கடந்து வந்து வாய்ப்புக் கெட்ட கதைகளுக்குத் தோட்டங்களில் பஞ்சமில்லை. ஆபீசில் கொடுத்தால்தான் பத்திரம் என்கிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப் காலத்தில் கடிதம் எதற்கு என்பவர்களும் உண்டு. நீதிமன்ற அழைப்பாணை வாட்ஸ்அப்பில் வருமா என்ன?

1930-களில் வந்த 9 சத முத்திரையிலேயே கொழுந்து பறிக்கும் காட்சி இருக்கிறது. 1967-இல் தேயிலையின் நூற்றாண்டுக்கும் முத்திரை வெளியிட்டார்கள். முத்திரையில் இடம்பிடித்தவளுக்கு விலாசம் மட்டும் கிடைக்கவில்லை. நுவரெலியாவின் செங்கல் தபால் கந்தோரை, 1894-இல் கட்டியதை, வெளிநாட்டார் வரிசைகட்டிப் படம் எடுக்கிறார்கள். அங்கே போடும் அஞ்சலட்டை லண்டனில் வீட்டு வாசலுக்கே போகும். பக்கத்துத் தோட்டத்து லயத்துக்குப் போகாது.

2022 ஆகஸ்டில் உள்நாட்டுக் கடிதத்தின் குறைந்த கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ஆனது. ஐம்பது ரூபாய் ஒட்டுகிறவருக்கு, வாசல்வரை கொண்டுபோகச் சொல்லும் உரிமை இருக்கிறது. சில தோட்டங்களில் இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்டு வாங்குங்கள். பாதைக்கு ஒரு பெயர், கதவுக்கு ஓர் இலக்கம். ஆகிற செலவு சில டின் பெயின்ட்.