தானாய் ஓடும் உலகம் – 9: பழுதாகாத சென்சாரும் தவறான தீர்ப்பும்

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பியது. மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் குறையில்லாமல் எரிந்தன. ஆனால் 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றியிருக்க வேண்டிய இரண்டு செயற்கைக்கோள்களும், ஒரு முனையில் 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டப் பாதையில் போய்ச் சேர்ந்தன. அந்த உயரத்தில் காற்றின் இழுவையை எந்தச் செயற்கைக்கோளும் தாங்காது. நாடெங்கும் 750 பள்ளி மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட்டும் அதோடு போயிற்று.

எந்தப் பாகம் பழுதானது என்று கேட்டால், எதுவுமே இல்லை. இரண்டாம் அடுக்கு கழன்றபோது, கருவிகள் பொருத்தியிருந்த தளத்தில் ஒரு கணநேர அதிர்வு ஏற்பட்டது. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் அந்தக் குலுக்கலில் எல்லை மீறிய அளவுகளைக் காட்டின. கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் அதைப் பார்த்து, ‘சென்சார்கள் பழுது’ என்று முடிவுகட்டியது. ராக்கெட் மீட்பு நிலைக்கு மாறி, முன்கூட்டியே எழுதிவைத்த கணக்கின்படி மட்டும் பறந்தது. கடைசியில் வேகத்தைத் திருத்த வேண்டிய சிறு இயந்திரம் இயங்கவில்லை. ஆபத்தில் காப்பாற்றுவதற்காக வைத்த ஏற்பாடே பயணத்தைக் கெடுத்தது.

இதற்குக் கிட்டத்தட்ட 29 ஆண்டுகளுக்கு முன், 1993 செப்டம்பர் 20 அன்று, பிஎஸ்எல்வியின் முதல் பயணமும் தோற்றது. இன்று இஸ்ரோவின் நம்பிக்கைக் குதிரை என்று பெயரெடுத்த அதே பிஎஸ்எல்விதான். எரிந்து முடிந்த இரண்டாம் அடுக்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய சிறு ராக்கெட்டுகளில் சில வேலை செய்யவில்லை. ராக்கெட் தள்ளாடியது. நிமிர்த்துவதற்குக் கட்டுப்பாட்டுக் கணினி பெரிய கட்டளை தர வேண்டியிருந்தது. அந்தக் கட்டளை ஓர் எல்லையைத் தாண்டும்போது மட்டும் வெளிப்படும் நிரல் பிழை ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. ராக்கெட் ஒழுங்காகப் பறந்திருந்தால் பிழை வெளியே வந்திருக்காது. பிழை இல்லாதிருந்தால் தள்ளாட்டத்தைச் சமாளித்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தபோது ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோள் வங்கக் கடலுக்குப் போயிற்று.

சென்ற வாரம் பார்த்த ஐரோப்பாவின் ஏரியன் 5 விபத்தும் (1996 ஜூன் 4) இந்த வகைதான். பழைய ராக்கெட்டுக்குச் சரியாக இருந்த நிரல், புதிய ராக்கெட்டின் பெரிய எண்ணைப் பிடிக்க முடியாமல் விழுந்தது.

இவை சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்று கோபப்படுவது சுலபம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று, உந்துவிசை, எடை, சென்சார் பிசகு என்று 20 விஷயங்கள் மாறலாம், ஒவ்வொன்றுக்கும் 10 நிலைகள் என்று வைத்துக்கொண்டால், 1-க்குப் பின்னால் 20 பூஜ்ஜியங்கள் போட்ட அளவுக்குச் சேர்க்கைகள் வரும். நொடிக்குப் பத்து லட்சம் சிமுலேஷன் ஓட்டினாலும் முடிக்க 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால்தான் பொறியாளர்கள் குலுக்கல் முறையில் சில ஆயிரம் சேர்க்கைகளை எடுத்து ஓட்டுகிறார்கள். நாள்தோறும் நடக்கக்கூடியவை அதில் சிக்கிவிடும். லட்சத்தில் கோடியில் ஒரு முறை மட்டும் சேர்ந்து வரும் இரட்டைக் கோளாறு பெரும்பாலும் சிக்காது.

இயந்திரக் கற்றல் நுழையும் இடம் இதுதான். அது ராக்கெட்டை ஓட்டப்போவதில்லை, கவிழ்க்கப்போகிறது, சிமுலேட்டருக்குள் மட்டும். பூட்டின் தரத்தைச் சோதிக்கத் திருடனிடமே அதைக் கொடுப்பது போன்ற ஏற்பாடு. காற்றை எப்போது திருப்பலாம், எந்தச் சென்சாரை எந்தக் கணத்தில் குழப்பலாம் என்று நிரல் முயன்று பார்க்கும். ராக்கெட் பாதை விலகும் அளவுக்கு அதற்கு மதிப்பெண் ஏறும். நடக்கவே வாய்ப்பில்லாத அபத்தங்களைச் சேர்த்தால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு ஓட்டத்திலிருந்தும் கற்றுக்கொண்டு, பலவீனமான மூலையை நோக்கி நகரும். விமானங்கள் நடுவானில் மோதாமல் காக்கும் ஏகாஸ் எக்ஸ் என்ற அமெரிக்க அமைப்பை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோசென்டர்ஃபரும் சகாக்களும் இப்படித்தான் துருவினார்கள்.

ஆனால் ஒன்று. திருடனால் திறக்க முடியவில்லை என்பது பூட்டு திறக்காது என்பதற்கு நிரூபணம் ஆகாது. தேடல் பிழையைக் காட்டும். பிழையில்லை என்று சான்றிதழ் தராது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ‘ஏஐ சோதித்து முடித்துவிட்டது’ என்று கையெழுத்துப் போடும் நாள் வரக்கூடாது என்பது என் கவலை. தவிர, சிமுலேட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் அது தேடும். அடுக்கு கழலும் அதிர்வு சென்சாரை எட்டும் வழியை யாரும் மாதிரியில் எழுதாவிட்டால், எவ்வளவு சாமர்த்தியமான நிரலுக்கும் எஸ்எஸ்எல்வியின் கோளாறு அகப்பட்டிருக்காது.

நிரூபணத்திலும் இயந்திரக் கற்றலுக்கு ஓர் இடம் உண்டு, எனக்கு இதுவே அதிகம் பிடிக்கிறது. ரஷ்யக் கணிதர் லியாபுனோவ் 1892-இல் தந்த வழி இது: ஓர் அமைப்பின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண்ணைக் கொடுங்கள், சமநிலையில் பூஜ்ஜியம், மற்ற எங்கும் அதைவிடப் பெரிய எண். அமைப்பு இயங்க இயங்க அந்த எண் குறைந்துகொண்டே வந்தால், அது சமநிலைக்குத் திரும்பும் என்பது உறுதி. சிக்கல், அந்த எண்ணைத் தரும் சூத்திரத்தைக் கண்டுபிடிப்பதில்தான். அதற்குப் பொதுவான செய்முறை கிடையாது. இப்போது நரம்பு வலைப்பின்னல் ஒரு சூத்திரத்தை ஊகிக்கிறது. கற்காத, கணக்கு மட்டுமே தெரிந்த வேறொரு நிரல் அதைச் சரிபார்க்கிறது. தப்பென்றால், எந்த நிலையில் தப்பு என்று உதாரணத்தோடு திருப்பி அனுப்புகிறது. ஊகித்தவர் யாராயிருந்தாலும் பரவாயில்லை. தீர்ப்பு சொல்கிறவர் ஊகிக்கக்கூடாது. மாறும் அளவுகள் கூடக்கூடச் சரிபார்க்கும் வேலை மலையாகிவிடுவதால், முழு ராக்கெட்டுக்கு இது இன்னும் எட்டவில்லை.

எஸ்எஸ்எல்வி விஷயத்தில் இஸ்ரோ அடுக்கைக் கழற்றும் முறையை அதிர்ச்சி குறைந்ததாக மாற்றியது. சென்சாரைப் பழுதென்று தீர்மானிக்கும் விதியையும் திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது பயணம் வென்றது.

மனிதர் ஏறும் ககன்யானில் இதே கேள்வி இன்னும் கடுமையாகும். ஆபத்தை உணர்ந்து வீரர்கள் அமர்ந்த கலத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் முடிவைக் கணினிதான் எடுக்க வேண்டும். மனிதர் யோசிக்க அங்கே நேரமிருக்காது. 2023 அக்டோபர் 21 அன்று அதற்கான முதல் சோதனை ராக்கெட், கிளம்ப 5 நொடி இருக்கும்போது தானாகவே நின்றது. சரிசெய்து காலை 10 மணிக்குப் பறக்கவிட்டார்கள். தரையில் வீண் எச்சரிக்கைக்கு விலை ஒன்றிரண்டு மணி நேரம். வானத்தில் வீண் எச்சரிக்கை என்றால் பயணமே போய்விடும், எச்சரிக்கை வராமல் போனாலோ உயிர். 2024 பிப்ரவரி 27 அன்று அதே விக்ரம் சாராபாய் மையத்தில் ககன்யான் வீரர்களாகப் பெயர் அறிவிக்கப்பட்ட நால்வரில் ஒருவர் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். ஒரு சென்சார் எத்தனை மில்லி நொடி பிசகினால் அதைப் பழுது என்று கொள்வது? அந்த எண்ணை ஒரு பொறியாளர்தான் எழுதியாக வேண்டும். கூட்டினால் ஓர் ஆபத்து, குறைத்தால் இன்னோர் ஆபத்து.

(தொடரும்)